ஓம், இன்னும் டானியல்தான்

"இன்னும் டானியலா?"

இந்தக் கேள்வியை எங்களிட்டைக் கேட்காத ஆள் இல்லை. கன்ரீனில் கேட்டார்கள். விடுதியில் கேட்டார்கள். ஆய்வுத் தலைப்புக் குடுக்கப் போன இடத்தில் ஒரு விரிவுரையாளர் கேட்டார். கேட்டுவிட்டு, "இது இலக்கியத்துக்குள்ளை வராது, சமூகவியல் பக்கம் போய்ப் பாருங்கோ" எண்டு தாளைத் திருப்பித் தந்தார். வீட்டிலும் கேட்கிறார்கள், கொஞ்சம் பயத்தோடை. கே. டானியல் 1986 மார்ச்சில் தஞ்சாவூரில் காலமானவர். அங்கேயே அவரை அடக்கமும் செய்தார்கள். அப்போது எங்களில் ஒருவரும் பிறக்கவில்லை. பிறக்க முதலே செத்துப்போன ஒரு மனுசனின் புத்தகங்களைக் காவிக்கொண்டு திரிகிற இதுகளுக்கு வேறை வேலை இல்லையோ எண்டதுதான் கேள்வியின் உள்ளர்த்தம்.

சரி, பதில் சொல்லுவம்.

எங்களிட்டை இருப்பது 'பஞ்சமர்' நாவலின் ஒரு போட்டோ கொப்பி. முதன்முதலில் ஆர் அடிச்சது எண்டு ஒருவருக்கும் தெரியாது. எங்களுக்கு ஒரு சீனியர் அக்கா தந்தா, அவவுக்கு அவவின்ரை சீனியர் ஒருவர் குடுத்தவராம். நடுவில் சில பக்கங்கள் இல்லை. வேறு சிலதில் ஓரம் கறுத்து, வரியின் கடைசிச் சொல்லை ஊகிச்சுத்தான் வாசிக்கவேணும். பிறகு நூலகம் இணையத்தளத்தில் தேடி, அவரின் மற்றப் புத்தகங்களையும் போனில் இறக்கிக்கொண்டோம். 'கோவிந்தன்', 'அடிமைகள்', 'கானல்', 'தண்ணீர்' எல்லாம் அப்பிடி வாசிச்சதுதான். இரவில் கரண்ட் போனால் போன் வெளிச்சமே போதுமாக இருந்தது. பரீட்சைக்கு முதல்நாள் ரியூட்டை வைச்சிட்டு 'கானல்' வாசிச்ச ஆள் எங்களுக்குள்ளை இருக்கு. பெறுபேறு வந்ததும் அதுக்குரிய பலனும் கிடைச்சது, அதை விடுவம்.

ஆனால் அந்தப் போட்டோ கொப்பிக்கு ஒரு பழக்கம் இருந்தது. அதைக் கையில் எடுக்கிற ஒவ்வொருவரும் முதல்வேலையாக ஒரு பேப்பரால் உறை போட்டார்கள். ஆரும் சொல்லிக் குடுக்கேல்லை. பஸ்ஸில், வாசிகசாலையில், விடுதிக் கட்டிலில் தலைப்புத் தெரியக்கூடாது எண்டு எல்லாருக்கும் தன்பாட்டில் விளங்கியிருந்தது. ஏன்?

ஏனெண்டால் எங்கட இடத்தில் சுஜாதாவை விரும்பினால் அது ரசனை. பாலகுமாரனை விரும்பினால் வயசுக் கோளாறு. ஜெயமோகனை விரும்பினால் அறிவு, எதிர்த்தால் அதைவிடப் பெரிய அறிவு. டானியலை விரும்பினால் மட்டும் அது சாதி. "ஓ, டானியலோ வாசிக்கிறியள்?" எண்டு ஒரு இழுவை வரும். அதுக்குப் பிறகு மூன்று கேள்விகள் வரும், எப்பவும் அதே ஒழுங்கில். எந்த ஊர்? ஊரில் எந்தப் பக்கம்? கோயில் எது? மூன்றாவதுக்குப் பதில் சொல்லிவிட்டால் கேட்டவருக்கு எங்களைப் பற்றித் தெரியவேண்டியது எல்லாம் தெரிஞ்சுபோகும். பிறகு அவர் சிரிப்பார், ரீ வாங்கித் தருவார், முதலில் இருந்ததைவிட ஒரு சொட்டுக் கூடுதலான மரியாதையோடும் கதைப்பார். அந்த ஒரு சொட்டுத்தான் தாங்க ஏலாது.

எங்களுக்குள்ளை மூன்று கேள்விக்கும் பயப்பிடாமல் பதில் சொல்லக்கூடியவர்கள் இருக்கினம். ரெண்டாவது கேள்வியிலேயே போன் வந்தமாதிரி எழும்பிப் போறவையும் இருக்கினம். ஆர் ஆர் எண்டு இங்கை எழுதமாட்டம். இந்தக் கட்டுரையில் 'நாங்கள்' எண்டு எழுதுவதே அதுக்காகத்தான். ஒரு எழுத்தாளரைப் பிடிக்கும் எண்டு சொல்ல, பிடிச்சவர் தன் பரம்பரையை ஒப்புவிக்க வேண்டிய தேவை கம்பனுக்கு இல்லை, புதுமைப்பித்தனுக்கு இல்லை. டானியலுக்கு மட்டும் ஏன் இருக்கவேணும்?

இனி, அவர் இலக்கியத்துக்குள்ளை வரமாட்டார் எண்ட கதைக்கு வருவம்.

இது புதுக் கதை இல்லை. முற்போக்கு எழுத்தாளர்கள் ஊர்ச்சனத்தின் பேச்சைக் கதைக்குள் கொண்டுவந்த காலத்தில், ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும், பண்டிதர்மார் அதற்கு வைத்த பெயர் 'இழிசனர் வழக்கு'. அப்ப வெளிப்படையாகச் சொன்னார்கள். அதில் ஒரு நேர்மையாவது இருந்தது. இப்ப அதே வாசலை அடைக்கிறதுக்கு 'அழகியல் போதாது', 'பிரசாரம்', 'ஆவண மதிப்பு உண்டு' எண்ட நாகரிகமான சொற்கள் வந்திருக்கு. ஆவண மதிப்பு எண்டு ஒரு நாவலைச் சொல்லுறது, சாப்பிட்டுப்போட்டுச் சமைச்ச ஆளிடம் "பாத்திரம் சுத்தமாயிருக்கு" எண்டு சொல்லுறமாதிரி. டானியல் பட்டறையில் இரும்போடு உழைச்சவர், பெரிய படிப்பு இல்லாதவர் எண்டு இரங்கிக் கதைக்கிறதும் இதுக்குள்ளைதான் வரும். சலூனுக்குள் இருந்து 'மல்லிகை' நடத்திய டொமினிக் ஜீவா, பல்கலைக்கழகம் கௌரவ முதுமாணிப் பட்டம் தர வந்தபோது வேண்டாம் எண்டவர். ஏன் எண்டு எங்களுக்கு இப்ப நல்லா விளங்குது.

டானியலிட்டை என்ன கலை இருக்கு எண்டு கேட்கிறவர்களுக்கு ஒரே ஒரு விசயம் சொல்லுறம். காத்திருப்பதை அவரைப்போல எழுதினவர் ஈழத்தில் வேறு ஆர்?

கிணற்றடியை எடுங்கோ. நாங்கள் பள்ளிக்கூடத்தில் படிச்ச வரலாற்றில் 'பொதுக்கிணறுகளில் தண்ணீர் அள்ளும் உரிமை மறுக்கப்பட்டது' எண்டு ஒரு வரி வரும். பரீட்சைக்கு அந்த வரி போதும். ஆனால் உரிமை மறுக்கப்பட்ட ஒரு பொம்பிளை விடிய எழும்பி என்ன செய்வாள்? குடத்தோடு போய்க் கிணற்றுக்கட்டுக்கு எட்ட நிற்பாள். துலாவைத் தொட ஏலாது, வாளியைத் தொட ஏலாது. அள்ளி ஊத்த மனமுள்ள ஒரு ஆள் அந்தப் பக்கம் வரும்வரை நிற்கவேணும். வந்த ஆளுக்கு அண்டைக்கு மனம் சரியில்லை எண்டால் அடுத்த ஆள் வரும்வரை. ஊத்தினாலும் குடம் தொடுபடாமல் உயரத்திலிருந்து ஊத்துவினம், பாதி மண்ணுக்குள் போகும். வீட்டில் பிள்ளை அழும். வெய்யில் ஏறும். இதெல்லாம் அந்த ஒரு வரிக்குள் இல்லை. டானியலின் எழுத்துக்குள் இருக்கு. 'தண்ணீர்' எண்டு நாவலுக்குப் பெயர் வைக்க அவருக்கு எந்தப் படிமமும் தேவைப்படேல்லை.

கோயில் வாசலில் காத்திருப்பது, வேலியடியில் கூலிக்குக் காத்திருப்பது, தேத்தண்ணிக் கடைக்குப் பின்பக்கம் தனிப் பாத்திரத்துக்குக் காத்திருப்பது எண்டு அவரின் சனம் முழுநேரமும் எங்கேயோ நின்றுகொண்டே இருக்கும். அப்பிடி நிக்கிற சனத்தில் ஒரு ஆள் ஒரு நாள் இருக்குது. வாங்கில் போய் இருக்குது, அவ்வளவுதான். அந்த இடம் வரேக்கை எங்களுக்குப் புல்லரிச்சது. இதைக் கலை எண்டு சொல்லாமல் வேறை எதைச் சொல்லுறது? நிக்கிற சனம் இருக்கிற அந்த ஒரு கணத்துக்கு வாசகரை நூறு பக்கம் நிக்கவைச்சுத்தான் அவர் கூட்டிக்கொண்டு போறார். அலுப்பா இருக்குது எண்டு சொல்லுறவர்கள் கவனியுங்கோ. உங்களுக்கு நூறு பக்கம்தான் அலுத்தது.

அவர் இதெல்லாம் மேசையில் இருந்து எழுதினவரும் இல்லை. 1957இலேயே சட்டம் வந்துவிட்டது, பொது இடத்தில் சாதி சொல்லி மறிச்சால் குற்றம் எண்டு. சட்டம் புத்தகத்தில் கிடந்தது. 1966 ஒக்டோபர் 21 சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் புறப்பட்டபோது பொலிஸ் அடிச்சது. பிறகு சங்காணி, நிச்சாமம் எண்டு உயிர்கள் போயின. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நாள்கணக்காகச் சனம் இருந்தது. உள்ளே விடாமல் மறிச்சு நிண்டவர்களுக்கு முன்னால் நிண்டவர் சி. சுந்தரலிங்கம், ஒருகாலத்தில் மந்திரியாக இருந்த கணிதப் பேராசிரியர். படிப்பு மனுசரைத் திருத்தும் எண்டு சொல்லுறவர்களுக்கு இந்தத் தகவல். தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கத்தில் முன்னுக்கு நிண்ட டானியல் 1972இல் 'பஞ்சமர்' வெளியிட்டார். சம்பவங்களின் சூடு ஆற முதல் எழுதின நாவல் அது. அதில் ஆங்காங்கே நெருப்புப் பொறி பறக்கும்தான்.

"அதெல்லாம் அந்தக் காலம். இப்ப ஆர் சாதி பார்க்கினம்?"

இந்த வசனத்தைச் சொல்லுகிற ஆளை நாங்கள் அடையாளம் கண்டுபிடிச்சு வைச்சிருக்கிறம். தனக்கு ஒரு நாளும் பார்க்கவேண்டி வராத ஆள் அவர். கலியாணப் பேச்சு வரும்வரை அவருக்கு இது ஒரு வரலாற்றுப் பாடம். அவருக்குச் சில விசயம் ஞாபகப்படுத்துறம். 2018இல் வரணியில் ஒரு கோயில் தேரை மண் கிண்டுகிற ஜேசிபி இயந்திரம் இழுத்தது. படம் உலகமெல்லாம் சுற்றியது. வடம் பிடிக்க ஆள் இல்லாமல் இல்லை. வடம் பிடிக்க வரக்கூடியவர்கள் ஆர் எண்டதுதான் பிரச்சினை. அதுக்கு ஒரு வருசம் முதல், புத்தூரில் கலைமதி கிராமத்துச் சனம் தங்கட குடிமனைக்கு நடுவில் பிணம் எரிக்கவேண்டாம் எண்டு றோட்டில் இருந்து போராடி மறியலுக்கும் போனது. வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் இடம்பெயர்ந்த சனத்தில் எல்லாருக்கும் பிறகு, கடைசிவரை முகாமில் கிடந்தவர்கள் ஆர்? திரும்பிப் போகச் சொந்தக் காணி இல்லாதவர்கள். இந்த மண்ணில் காணி இல்லாதவர்கள் ஆர் எண்ட கேள்விக்குப் பதில் 'அடிமைகள்' நாவலில் இருக்கு. வாசிக்கிற பஞ்சி எண்டால் ஆராவது ஒரு முகாம்வாசியிடம் கேளுங்கோ.

போராட்ட காலத்தில் சாதி ஒழிஞ்சுபோனது எண்டு சொல்லுகிற அண்ணைமார் உண்டு. எங்களுக்கு அந்தக் காலம் தெரியாது, தெரிஞ்சமாதிரிக் கதைக்கவும் மாட்டம். ஒண்டு மட்டும் கேட்கிறம். ஒழிஞ்சது எண்டால், பத்து வருசத்துக்குள்ளை திரும்பி வந்து தேர் இழுத்தது எது?

இப்பிடிச் சொல்லுறவர்களோடு சண்டை பிடிக்கிறது லேசு. கஷ்டம் மற்ற ஆக்களோடைதான். டானியலுக்கு மாலை போடுகிறவர்கள்.

நினைவுக்கூட்டம் வைப்பார்கள். பானரில் அவரின் படம், பக்கத்தில் பேச்சாளர்களின் படம், கொஞ்சம் பெரிசா. 'ஈழத்தின் தலித் இலக்கிய முன்னோடி' எண்டு தொடங்குவார்கள். தலித் எண்ட சொல் தமிழில் பரவினது அவர் செத்தபிறகுதான். அவர் வைச்சிருந்தது 'பஞ்சமர்'. ஊரில் ஒதுக்கிவைச்ச ஐந்து சாதிகளை ஒரே பெயருக்குள் கூப்பிட்டு, 'நீங்கள் ஐந்து பேர் இல்லை, ஒரு ஆள்' எண்டு சொல்லுகிற பெயர். அந்தப் பெயருக்குப் பின்னால் கம்யூனிஸ்ட் கட்சி இருக்கு, சண்முகதாசனின் அணி இருக்கு, வெள்ளாளரிலும் ஏழை எளியதுகளைச் சேர்த்துக்கொண்டு போகவேணும் எண்ட வாதம் இருக்கு. அதோடை ஒத்துப்போறதும் போகாததும் வேறை கதை. அதை ஒரு லேபலுக்குள் போட்டு மூடினால் பிறகு வாசிக்கத் தேவையில்லை. ஒரு கூட்டத்தில் நாங்கள் எழும்பிப் பேச்சாளரிடம் 'கானல்' பற்றிக் கேட்டோம், மதம் மாறியும் சாதி மாறாமல் கிடந்த சனத்தைப் பற்றி. அவர் நேரமின்மையைக் குறிப்பிட்டார். நேரம் இல்லாதவர்தான் நாற்பது நிமிசம் பேசியிருந்தார்.

என்.கே. ரகுநாதன் எழுதின 'நிலவிலே பேசுவோம்' எண்ட சிறுகதை எல்லாரும் அறிஞ்சது. மேடையில் சாதி ஒழிப்புப் பேசுகிற பெரிய மனுசர், தன்னைத் தேடிவந்தவர்களை வீட்டுக்குள் எடுக்க மனமில்லாமல், வெளியில் நல்ல நிலவு, அங்கை போய்க் கதைப்பம் எண்டு கூட்டிப்போவார். டானியலுக்கு இப்ப நடப்பது அதுதான். அவருக்கு மேடை இருக்கு, மலர் இருக்கு, சிறப்பிதழ் இருக்கு. எல்லாம் முற்றத்தில். பாடத்திட்டம், ஆய்வு, வீட்டு அலுமாரி எண்டு உள்ளே ஒரு கதிரை குடுக்க மட்டும் ஆளில்லை. நிலவு நல்லாத்தான் இருக்குது.

எங்கட பக்தியும் கண்ணை மூடினது இல்லை. டானியலோடு நாங்கள் சண்டை பிடிச்ச இரவுகளும் உண்டு. அவரின் பொம்பிளைகள் எங்களுக்குப் போதாது. ஒண்டு மேற்சாதி ஆம்பிளையால் சீரழிக்கப்படவேணும், இல்லாட்டி எல்லாரையும் தாங்குகிற தாயாக இருக்கவேணும். இரண்டுக்கும் நடுவில், சும்மா கோபமும் ஆசையும் உள்ள ஒரு பெட்டை அவரின் பக்கங்களில் நிம்மதியாக நடந்து திரிய ஏலாது. சாதியைக் காப்பாத்துறதே பொம்பிளையின் உடம்பைக் காவல் காக்கிறதாலைதான் எண்டு இவ்வளவு நுணுக்கமாக எழுதின மனுசர், அந்தப் பொம்பிளை தன் வாயால் என்ன சொல்லுவாள் எண்டு கேட்க ஏன் இன்னும் கொஞ்சம் நிற்கேல்லை? காத்திருப்பதை எழுதினவருக்கு இதில் மட்டும் பொறுமை இல்லை. சில இடங்களில் கதாபாத்திரம் வாயைத் திறந்தால் கட்சிப் பிரசுரம் கதைக்குது. கெட்டவன் படலையைத் திறக்கும்போதே கெட்டவன் எண்டு தெரிஞ்சுபோகும். எங்களில் ஒருத்தி 'கோவிந்தன்' வாசிச்சுக்கொண்டிருக்கேக்கை கோபத்தில் போனைக் கட்டிலில் எறிஞ்சவள். பிறகு எடுத்து மிச்சத்தையும் வாசிச்சாள்.

அந்த எறிதலைத்தான் நாங்கள் மாலையைவிட மதிக்கிறம். மாலை போடுகிறவர் ஒருவரும் டானியலோடு கோபிச்சதில்லை. கோபிக்க வாசிக்கவேணும்.

எங்களில் ஒருவரின் அம்மம்மா எழுபது கடந்தவ. எழுத்துக்கூட்டி வாசிப்பா. போன விடுமுறைக்கு வீட்டை போன பேரப்பிள்ளை, கிணற்றடி வருகிற ஒரு பக்கத்தை அவவுக்கு வாசிச்சுக் காட்டியது. மனுசி கேட்டுக்கொண்டே இருந்தா. முடிஞ்சதும், "இதை ஏன் எழுதி வைச்சவங்கள்?" எண்டு கேட்டா. கோபமா, வெட்கமா எண்டு பிள்ளைக்கு விளங்கேல்லை. அண்டைக்குப் பிறகு அதைப்பற்றிக் கதைக்கேல்லை. மூன்று நாள் கழிச்சு, தேங்காய் துருவிக்கொண்டு இருக்கேக்கை தன்பாட்டில் சொன்னாவாம், அந்தக் கிணற்றில் தண்ணி எப்பவும் சவர்தான், அதுக்குத்தான் அவ்வளவு நேரம் நிண்டது எண்டு.

இதை அந்த விரிவுரையாளரிடம் எந்தப் பாடத்துக்குள் சேர்ப்பது எண்டு கேட்கலாம் எண்டு யோசிச்சோம். கேட்கேல்லை. வேறு ஒருவர் ஆய்வுத் தலைப்பை ஏற்றுக்கொண்டிருக்கிறார், இலக்கியத்துக்குள்ளையே. தலைப்பில் 'அழகியல்' எண்ட சொல்லை நாங்களே வேணுமெண்டு போட்டிருக்கிறம்.

போட்டோ கொப்பி இப்ப முதலாம் வருசப் பெட்டை ஒருத்தியிட்டை இருக்கு. போன கிழமை பஸ்ஸில் கண்டோம். பேப்பர் உறையைக் கழட்டிவிட்டுப் பழைய கலண்டரின் தடித்த தாளால் புது அட்டை போட்டு, மேலே நீலப் பேனையால் 'பஞ்சமர் – கே. டானியல்' எண்டு பெரிசா எழுதியிருந்தாள். பக்கத்தில் இருந்த ஒரு ஐயா அட்டையைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார், பிறகு எந்த ஊர் எண்டு கேட்டார். அவள் காதில் வயரைச் செருகிக்கொண்டு பக்கத்தைத் திருப்பினாள். திருப்பித் தர இன்னும் ரெண்டு கிழமை வேணுமாம். இல்லாத பக்கங்களைப் போனில் பார்த்துக் கையால் எழுதிச் சேர்க்கிறாளாம்.